மெடிக்கலில் அசித்ரோ வாங்கிப் போட்டால் பால்வினை நோய் போய்விடுமா?

#1 மருந்தாளுநர்_தேனி

வணக்கம் நண்பர்களே. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு மெடிக்கல் ஷாப்பில் மருந்தாளுநராக இருக்கிறேன். ரொம்ப நாளாக இதை எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

இரவு கடை அடைக்கிற நேரத்துக்குச் சிலர் வருவார்கள். கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நிற்பார்கள். அப்புறம் கிட்ட வந்து மெதுவாக, "அண்ணே, அசித்ரோ 500 ஒரு அட்டை குடுங்க" என்பார்கள். அசித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை அது. இருமலா, தொண்டை வலியா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார்கள். சிலர் நண்பனுக்கு எழுதிய சீட்டைப் போட்டோ எடுத்து வந்து காட்டுவார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் விஷயம் வெளியே வரும். ஒன்றுக்குப் போனால் எரிகிறது, உடம்புச் சூடு என்று நினைத்து மோர், இளநீர், ஊறவைத்த வெந்தயம், தொப்புளில் விளக்கெண்ணெய் எல்லாம் பார்த்தாயிற்று, இப்போது உள்ளாடையில் மஞ்சளாகக் கறை படிகிறது.

ஆணுறை இல்லாத உறவுக்குப் பிறகு இரண்டு நாளில் இருந்து ஒரு வாரத்துக்குள் எரிச்சலும் சீழும் வந்தால் அது பெரும்பாலும் கொனோரியா, அதாவது ஊரில் வெட்டை என்று சொல்வது. அதோடு கிளமிடியா என்ற இன்னொரு கிருமியும் சேர்ந்தே இருப்பது சகஜம். இந்த அட்டையில் இருக்கும் மூன்று மாத்திரை, தினம் ஒன்று என்பது தொண்டைக்கும் நெஞ்சுச் சளிக்கும் உள்ள கணக்கு. அரசு மருத்துவமனையில் இதே தொல்லைக்குப் பல வருடங்களாகக் கொடுத்து வரும் சாம்பல் நிற கிட்டில் அசித்ரோமைசின் 1 கிராம், கூடவே செஃபிக்ஸைம் 400 மில்லிகிராம் இருக்கும். இரண்டையும் ஒரே வேளையில் விழுங்க வேண்டும். முடிந்தவரை நர்ஸ் முன்னாலேயே விழுங்கச் சொல்வார்கள்.

அசித்ரோ மட்டும் போட்டால் பாதிப் பேருக்கு எரிச்சல் குறைகிறது. அதுதான் ஆபத்தே. குறைந்ததும் குணமாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். கிருமி உள்ளே இருந்துகொண்டு விதைக்குப் போகிறது, சிறுநீர்ப் பாதையைச் சுருக்குகிறது, வீட்டில் இருக்கிற பெண்ணுக்குப் போய் அவள் கருக்குழாயை அடைக்கிறது. கல்யாணமாகிப் பல வருடம் குழந்தை இல்லாமல் அலைகிற சில குடும்பங்களில் இதுதான் காரணமாக இருக்கும், ஆனால் அவர்கள் கடைசிவரை அதைத் தெரிந்துகொள்ளவே மாட்டார்கள்.

செஃபிக்ஸைமும், அதே குடும்பத்து ஊசி மருந்தான செஃப்ட்ரியாக்ஸோனும் 2014-ல் இருந்து மருந்து விதிகளின் அட்டவணை ஹெச்1-ல் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் தரக்கூடாது, தந்தால் பெயரும் விவரமும் பதிவேட்டில் ஏற வேண்டும். நான் தருவதில்லை. விவரம் தெரிந்தவர்கள் இங்கே எழுதுங்கள்.

#2 பனங்காடு

அண்ணே, நல்ல பதிவு. ஆனால் நடைமுறை என்று ஒன்று இருக்கிறதே. நீங்கள் தரவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போவான். பெரியாஸ்பத்திரிக்குப் போனால் ஓ.பி. சீட்டு எழுதுகிற இடத்திலேயே "என்ன பிரச்சனை?" என்று உரக்கக் கேட்கிறார்கள். பின்னால் நிற்பவர் பக்கத்துத் தெருக்காரராக இருப்பார். எங்கள் ஊர்க்காரன் ஒருவன் அப்படியே திரும்பி வந்தவன்தான். முதலில் அவனுக்கு ஒரு வழி சொல்லுங்கள், அப்புறம் கடையை மூடலாம்.

#3 மருந்தாளுநர்_தேனி

பனங்காடு, நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். அதனால்தான் வெறுமனே "இல்லை" என்று சொல்லி அனுப்புவதில்லை. ஓ.பி. சீட்டு வாங்குமிடத்தில் "தோல் பிரிவு" என்று சொன்னால் போதும், வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை. பல அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்க்கான மருத்துவமும் ஆலோசனையும் தோல் பிரிவை ஒட்டியே இருக்கும். தமிழ்நாட்டில் அந்த அறைக்குச் சுக வாழ்வு மையம் என்று பெயர்ப்பலகை பார்த்திருப்பீர்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம். இரண்டிலும் ஆலோசகர் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவார், காசு கிடையாது. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 1097-க்கு போன் போட்டுக் கேட்கலாம், கட்டணம் இல்லை. சென்னையில் இருப்பவர்களுக்குப் பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனி நிறுவனம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது.

இன்னொன்று. உறவு நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து பற்றியும் அங்கேயே கேளுங்கள். அதைத் தாண்டினால் அந்த வழி மூடிவிடும்.

#4 ஸ்லைடு_அக்கா

லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த நோய்க் கண்ணாடித் தகடுகளைப் பார்த்தே என் கண் பழகிப்போனது.

ஆணுக்குச் சீழ் வடிகிறது என்றால் நோயைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். பஞ்சுக் குச்சியில் எடுத்துத் தகட்டில் உருட்டி, கிராம் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பின் எண்ணெய் லென்ஸில் வைத்தால் தெரிந்துவிடும். சீழ் அணுக்களுக்கு உள்ளே இளஞ்சிவப்பாக இரண்டிரண்டாக உட்கார்ந்திருக்கும், தட்டையான பக்கம் ஒன்றையொன்று பார்த்தபடி, இரண்டு மொச்சைப் பயறைச் சேர்த்து வைத்த மாதிரி. சீழ் உள்ள ஆணுக்கு இந்தப் பரிசோதனை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாகவே சொல்லும். பெண்ணுக்கு அப்படி இல்லை, பாதிக்குப் பாதி தவறவிடும்.

ஆனால் எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரிய வேண்டுமானால் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். அங்கேதான் கஷ்டம். இந்தக் கிருமி ரொம்பத் தொட்டாற்சிணுங்கி. எடுத்த உடனே சாக்லேட் அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் தடவி, கரியமில வாயு உள்ள ஜாடியில் வைத்தால்தான் வளரும். குச்சியை மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் செத்துவிடும். இப்போது வந்திருக்கிற பி.சி.ஆர். மாதிரிச் சோதனைகள் கிருமி இருக்கிறதா இல்லையா என்பதை அருமையாகச் சொல்லும். எந்த மருந்து வேலை செய்யும் என்பதைச் சாதாரணமாகச் சொல்லாது.

அதோடு இந்தக் கிருமியின் சரித்திரத்தைப் பாருங்கள். 1930களின் கடைசியில் சல்ஃபா மருந்துகள் வந்தன, 40களின் நடுவிலேயே பலனில்லாமல் போயின. அப்புறம் பென்சிலின். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு லட்சம் யூனிட் போட்டால் குணம். 70களில் அதே நோய்க்கு 48 லட்சம் யூனிட் போட வேண்டி வந்தது. 1976-ல் பென்சிலினையே உடைத்துப்போடும் வகை வந்துவிட்டது. அப்புறம் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை. நம் நாட்டில் 90களின் கடைசியிலேயே அது கைவிட்டுவிட்டது, அமெரிக்காவில் 2007-ல் நிறுத்தினார்கள். 2009-ல் ஜப்பானின் கியோட்டோவில் செஃப்ட்ரியாக்ஸோனுக்கே கடுமையாக எதிர்த்து நின்ற கிருமி பிடிபட்டது. 2018-ல் இங்கிலாந்தில் ஒருவருக்கு செஃப்ட்ரியாக்ஸோனும் அசித்ரோவும் இரண்டும் கேட்காமல், கடைசியில் எர்டாபெனெம் என்ற மருந்தை நரம்பு வழியாக ஏற்றிக் குணப்படுத்தினார்கள். அவர் அதைத் தென்கிழக்கு ஆசியாவில் இருந்து வாங்கி வந்திருந்தார்.

தேனித் தம்பி சொல்கிற மூன்று மாத்திரை அட்டை இந்த வரிசையில் எங்கே வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். சாகாமல் மிச்சம் நிற்கிற கிருமிதான் அடுத்தவருக்குப் போகும்.

#5 சிங்கைவாசி

அக்கா, இதை இவ்வளவு விவரமாகத் தமிழில் நான் படித்ததே இல்லை. ஒரு கேள்வி. இங்கே சிங்கப்பூரில் கெலாந்தான் லேனில் இருக்கிற டி.எஸ்.சி. கிளினிக்கில் என் அறை நண்பனுக்கு மாத்திரைக்குப் பதில் ஊசி போட்டார்கள். ஊரில் மாத்திரை, இங்கே ஊசி. எது சரி? எந்த நோய்க்கு எந்த மருந்து என்று யாராவது நேராகச் சொல்லுங்களேன்.

#6 மருந்தாளுநர்_தேனி

சிங்கைவாசி, பெரும்பாலான நாடுகள் ஊசிக்கு மாறிவிட்டன. செஃபிக்ஸைம் மாத்திரையின் பிடி தளர்ந்து வருகிறது என்று அமெரிக்காவில் 2012-லேயே அதை முதல் வரிசையில் இருந்து இறக்கிவிட்டார்கள். இப்போது அங்கே செஃப்ட்ரியாக்ஸோன் 500 மில்லிகிராம் தசையில் ஒரே ஊசி, இங்கிலாந்தில் 1 கிராம். ஊசி போட்டால் மருந்து ரத்தத்தில் கூடுதல் நேரம் கூடுதல் அளவில் நிற்கும். தொண்டையில் தொற்று இருந்தால் மாத்திரை பெரும்பாலும் போதாது. வாய்வழி உறவில் தொண்டைக்கும் இந்தக் கிருமி வரும், எந்த வலியும் இருக்காது. அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் அங்கேயே தங்கிவிடும்.

கிளமிடியாவுக்கு இப்போது முதல் தேர்வு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை மாலை, ஏழு நாள். முன்பு அசித்ரோ 1 கிராம் ஒரே வேளை என்று இருந்தது. ஒரே வேளை என்பது வசதிதான், ஆனால் ஆசனவாய்த் தொற்றில் டாக்ஸி தெளிவாக மேல். கர்ப்பிணிக்கு டாக்ஸி கூடாது, அவர்களுக்கு அசித்ரோதான். டாக்ஸியை ஒரு டம்ளர் தண்ணீர் நிறையக் குடித்து விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கி, நெஞ்சுவலி என்று அலறிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பால், இரும்புச் சத்து மாத்திரை, அசிடிட்டி மருந்து இவற்றோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. வெயிலில் வேலை செய்பவர்களுக்குத் தோல் எரியும்.

மருந்து சரியாகப் போட்டும் எரிச்சல் போகவில்லை என்றால் மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்று இன்னொன்று இருக்கிறது. 1980-ல்தான் லண்டனில் முதன்முதலாகப் பிரித்தெடுத்தார்கள். அதற்குச் செல் சுவரே கிடையாது, அதனால் பென்சிலினும், செஃபிக்ஸைம், செஃப்ட்ரியாக்ஸோன் அடங்கிய செஃபலோஸ்போரின் குடும்பமும் முழுக்க வீண். இதெல்லாம் கவுண்டரில் நின்று ஊகிக்கிற விஷயம் இல்லை.

#7 நெல்லைச்சீமை

எல்லாரும் ஆங்கில மருந்தையே பேசுகிறீர்கள். வெட்டைக்கும் கிரந்திக்கும் மேகப்புண்ணுக்கும் நம் சித்தர்கள் எத்தனையோ மருந்து எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் தாத்தா காலத்தில் மேகப்புண் வந்தவர்கள் ஒரு மண்டலம் பத்தியம் இருந்து மருந்து சாப்பிட்டுப் புண் ஆறி, நன்றாக வாழ்ந்திருக்கிறார்கள். கிருமி மருந்தை எதிர்க்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் பழைய வழிக்குப் போவதில் என்ன தவறு?

#8 ஸ்லைடு_அக்கா

நெல்லைச்சீமை, உங்கள் தாத்தா பார்த்தது பொய்யில்லை. புண் ஆறியிருக்கும். மேகப்புண் என்கிற சிபிலிஸ் புண் அப்படித்தான். வலிக்காது, மூன்றில் இருந்து ஆறு வாரத்தில் எந்த மருந்தும் இல்லாமலே ஆறிவிடும். அந்தச் சமயத்தில் எதைச் சாப்பிட்டாலும் அதுதான் குணப்படுத்தியது என்று தோன்றும். கொஞ்ச நாள் கழித்து உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பே இல்லாத சிவந்த தடிப்பு வரும், அதுவும் தானாக மறையும். அப்புறம் பல வருடம் சத்தமே இருக்காது. பத்து, இருபது வருடம் கழித்துச் சிலருக்கு மகாதமனி வீங்குகிறது, புத்தி பேதலிக்கிறது, நடை தடுமாறுகிறது. அப்போது முப்பது வயதில் வந்த புண்ணை யார் நினைக்கப் போகிறார்கள்?

ஐரோப்பாவிலும் நூற்றாண்டுக் கணக்கில் பாதரசம்தான் கொடுத்தார்கள், பல் கொட்டியதுதான் மிச்சம். 1910-ல் பால் எர்லிக்கும் ஜப்பானியரான ஹாட்டாவும் கண்டுபிடித்த ஆர்சனிக் மருந்து சல்வர்சான் வந்தது. 1943-ல் அமெரிக்காவில் ஜான் மஹோனி பென்சிலினைச் சிபிலிஸ் நோயாளிகள் நால்வருக்குக் கொடுத்துப் பார்த்தார். அன்றைக்கு ஆரம்பித்தது, 80 வருடம் தாண்டியும் அந்தக் கிருமி பென்சிலினை எதிர்க்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. கொனோரியா ஒவ்வொரு மருந்தாகத் தோற்கடித்து வருகிறது, இது ஒரே மருந்துக்கு இன்றும் அடங்குகிறது. இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிற மருந்து கையில் இருக்கும்போது ஒருவரைப் பத்தியத்தில் உட்கார வைத்து நாளைக் கடத்துவதை என்னால் ஏற்க முடியாது. சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. என் மூட்டுவலிக்கு அங்கேதான் போகிறேன்.

லாட்ஜில் அறை எடுத்து, "வாலிப, வயோதிக அன்பர்களே" என்று நோட்டீஸ் ஒட்டுகிறவர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அவர்கள் சித்த மருத்துவர்களும் இல்லை.

#9 பனங்காடு

அக்கா, அந்தப் பென்சிலின் ஊசி எங்கள் ஊரில் கிடைப்பதே இல்லை. கேட்டால் தனியார் டாக்டர்கள் போடவே பயப்படுகிறார்கள்.

#10 மருந்தாளுநர்_தேனி

உண்மைதான். பென்சாதைன் பென்சிலின், 24 லட்சம் யூனிட். தூளைக் கரைத்தால் பால் மாதிரிக் கெட்டியாக இருக்கும், தடித்த ஊசி வேண்டும், பாதிப்பாதியாக இரண்டு பிட்டத்திலும் ஆழமாகப் போடுவார்கள். நன்றாகவே வலிக்கும், இரண்டு நாளைக்கு உட்கார முடியாது. சிபிலிஸ் கிருமி இரண்டாகப் பிரியவே ஒரு நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதனால் மருந்து வாரக்கணக்கில் ரத்தத்தில் கசிந்துகொண்டே இருக்க வேண்டும். நோய் புதிதாக இருந்தால் ஒரு தடவை போதும். ஒரு வருடத்துக்கு மேல் ஆனது என்றாலோ எப்போது வந்தது என்றே தெரியாவிட்டாலோ, வாரம் ஒன்று வீதம் மூன்று.

மலிவான மருந்து, லாபம் இல்லை, அதனால் தயாரிக்கிற கம்பெனிகள் உலகம் முழுக்கவே குறைவு. 2023-ல் அமெரிக்காவிலேயே தட்டுப்பாடு வந்தது. வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்ட பிள்ளைகளுக்கும் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டிய மருந்து இது. இதைக் கடைக்கு வரவழைப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். அலர்ஜி பயமும் இருக்கிறது. சோதனை ஊசி, அவசர மருந்து எல்லாம் வைத்துக்கொண்டு போட வேண்டும், ஆகவே அரசு மருத்துவமனைதான் நல்ல இடம். ஊசி போட்ட அன்று இரவு காய்ச்சல், குளிர் நடுக்கம், உடம்பு வலி வந்தால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயப்படாதீர்கள். கிருமிகள் ஒரே சமயத்தில் சாவதால் வருவது அது, ஒரு நாளில் அடங்கிவிடும். மூச்சுத் திணறல், முகம் வீக்கம் வந்தால் அது வேறு கதை, உடனே ஓட வேண்டும்.

#11 மல்லிகைப்பந்தல்

இதுவரை ஆண்களின் கதையாகவே போகிறது. நான் ஒன்று சொல்கிறேன்.

எனக்கு வெள்ளைப்படுதல் அதிகமாக இருந்தது. ஒரு மருத்துவமனையில் பரிசோதனை எதுவும் செய்யாமல் கிட் கொடுத்து, "வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாம்மா, இது பரவுற நோய்" என்றார்கள். வீடு வந்து சேருவதற்குள் என் மனம் எங்கெல்லாமோ போய்விட்டது. அவருக்கும் என்மேல் சந்தேகம். மாமியாருக்கு விஷயம் தெரிந்து பெரிய ரகளை. வேறு டாக்டரிடம் போய்த் தகடு வைத்துப் பார்த்தபோது அது பாக்டீரியல் வஜினோசிஸ், உடம்பில் இருக்கிற நல்ல கிருமிகளின் சமநிலை கெடுவதால் வருவது. யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. எங்கள் வீட்டில் அந்த நாட்களுக்கு ஈடு கிடையாது.

அறிகுறியைப் பார்த்தே மருந்து கொடுக்கிற முறை ஏன் இன்னும் இருக்கிறது? அதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

#12 ஸ்லைடு_அக்கா

மல்லிகைப்பந்தல், உங்களுக்கு நடந்தது நடந்திருக்கவே கூடாது. "பரவுற நோய்" என்ற வார்த்தையை ரிசல்ட் கையில் இல்லாமல் எவரும் சொல்லக்கூடாது.

அந்த முறை எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன், நியாயப்படுத்த அல்ல. லேப் இல்லாத ஊரில், மறுபடி வருவாரா என்பதே தெரியாத நோயாளிக்கு, வந்த அன்றே மருந்து கொடுத்துவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்தது. ஆணுக்குச் சீழ், புண் என்றால் அந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது. பெண்ணுக்கு வெள்ளைப்படுதல் என்றால் ரொம்ப மோசமாகச் சறுக்குகிறது. வெள்ளைப்படுகிற பெண்களில் பெரும்பாலோருக்கு இருப்பது நீங்கள் சொன்ன வஜினோசிஸ் அல்லது பூஞ்சை. மறுபக்கம், கிளமிடியா உள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு வெள்ளையும் இருக்காது, வலியும் இருக்காது. அவர்கள் அந்த முறையில் சிக்குவதே இல்லை. தேவையில்லாதவளுக்கு மருந்தும் பழியும் கிடைக்கிறது, தேவையானவளுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. விலை குறைந்த, அரைமணி நேரத்தில் முடிவு சொல்கிற சோதனை எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வர வேண்டும். இதற்காக எவ்வளவு சண்டை போட்டாலும் தகும்.

#13 துபாய்_தமிழன்

நண்பர்களே, என் பிரச்சனை வேறு. ஆறேழு வருடம் முன்பு எனக்குச் சிபிலிஸ் இருந்தது, மூன்று ஊசி போட்டுக் குணமானது. இப்போது புது வேலைக்கு மெடிக்கல் பரிசோதனை. சிபிலிஸுக்கான ரத்தச் சோதனைகளில் வி.டி.ஆர்.எல். நெகட்டிவ், டி.பி.ஹெச்.ஏ. பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. ஏஜென்ட், "இன்னும் அஞ்சாறு ஊசி போட்டா நெகட்டிவ் ஆயிடும், ஆள் இருக்கு" என்கிறார். போடலாமா?

#14 ஸ்லைடு_அக்கா

போடாதீர்கள் தம்பி, காசும் போகும், உடம்பும் புண்ணாகும். டி.பி.ஹெச்.ஏ. என்பது உங்கள் உடம்பு ஒருகாலத்தில் அந்தக் கிருமியைச் சந்தித்தது என்பதற்கான தழும்பு. பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க பாசிட்டிவாகவே இருக்கும், நூறு ஊசி போட்டாலும் மாறாது. நோய் இப்போது இருக்கிறதா என்று காட்டுவது வி.டி.ஆர்.எல். அளவுதான். ரத்தத்தை எத்தனை மடங்கு நீர்த்தாலும் பாசிட்டிவ் காட்டுகிறது என்பதே அந்த அளவு. 1:32 இருந்தது சிகிச்சைக்குப் பிறகு 1:8 ஆகக் குறைந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். உங்களுக்கு நெகட்டிவே ஆகிவிட்டது. பழைய சிகிச்சைச் சீட்டு, அன்றைய அளவு, இன்றைய அளவு மூன்றையும் எடுத்துக்கொண்டு தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவர் ஒருவரிடம் சான்று வாங்கி மேல்முறையீடு செய்து பாருங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல என்னால் முடியாது.

#15 வன்னிமகள்

வணக்கம். நான் இலங்கையில் பொதுச் சுகாதாரத் துறையில் இருந்தவள். அக்கா ஊசி பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். எங்கட நாட்டில் கர்ப்பிணித் தாய் முதல் தரம் கிளினிக்குக்கு வரும்போதே வி.டி.ஆர்.எல்.-க்கு இரத்தம் எடுப்பினம். இருந்தால் பென்சிலின். கர்ப்பத்தில் பிள்ளையையும் சேர்த்துக் காப்பாற்றுகிற மருந்து அது ஒன்றுதான். அலர்ஜி இருந்தாலும் ஆஸ்பத்திரியில் வைத்து, சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கி, பென்சிலினே போடுவினம். பிரசவத்துக்கு நாலு கிழமையாவது முன்னம் போட வேணும். இப்படி ஒவ்வொரு தாயையும் விடாமல் பார்த்ததால்தான் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. யுத்தம் முடிந்து பத்து வருசத்தில். எனக்கு அது பெரிய பெருமை.

கிளினிக்குகள் மாவட்டங்களில் இருக்கு, யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் இருக்கு. யாருடைய கடிதமும் தேவையில்லை, காசும் இல்லை.

#16 லண்டன்_மழை

இங்கே இப்போது பேச்செல்லாம் டாக்ஸிபெப் பற்றித்தான். உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் டாக்ஸிசைக்ளின் 200 மில்லிகிராம். சான் ஃபிரான்சிஸ்கோவிலும் சியாட்டிலிலும் நடந்த ஆய்வில் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கும் திருநங்கைகளுக்கும் இந்த நோய்கள் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன. 2024-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதற்கு வழிகாட்டுதலும் கொடுத்தது. நம் ஊரிலும் திருநங்கைத் தோழிகளுக்கும் ஓரின ஈர்ப்புள்ள நண்பர்களுக்கும் இது கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மருத்துவமனையில் அவர்கள் படும் அவமானம் பனங்காடு சொன்னதைவிடப் பல மடங்கு.

இங்கிலாந்தில் 2025 ஆகஸ்டில் இருந்து கொனோரியாவுக்கு எதிராகத் தடுப்பூசியும் போடுகிறார்கள். மூளையுறைக் காய்ச்சல் உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் பி வகைக் கிருமிக்காகச் செய்த ஊசிதான். 30, 40 சதவீதம்தான் காக்கும், ஆனாலும் இல்லாததற்கு மேல்.

#17 மருந்தாளுநர்_தேனி

லண்டன் தோழர், அவமானம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. டாக்ஸிபெப் விஷயத்தில் எனக்குக் கவலை உண்டு. கிளமிடியாவையும் சிபிலிசையும் அது நன்றாகத் தடுக்கிறது, கொனோரியாவை அவ்வளவாக இல்லை, ஏனென்றால் டாக்ஸி சேர்ந்த டெட்ராசைக்ளின் குடும்பத்தை அந்தக் கிருமி ஏற்கெனவே பல இடங்களில் எதிர்க்கிறது. கென்யாவில் 449 பெண்களிடம் நடந்த ஆய்வில் பலன் இல்லை. சிலரது முடியை எடுத்துச் சோதித்தபோது பெரும்பாலான மாதிரிகளில் மருந்தே காணோம், மாத்திரையை அவர்களால் சாப்பிட முடிந்திருக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனையோடு சேர்த்துக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வேன். என் கவுண்டரில் அட்டை அட்டையாக விற்க ஆரம்பித்தால் இன்னொரு அசித்ரோ கதைதான்.

புது மருந்து வராமலும் இல்லை. ஜோலிஃப்ளோடாசின் என்று ஒன்று, தண்ணீரில் கலந்து ஒரே வேளை குடிப்பது. 5 நாடுகளில் 930 பேரிடம் பார்த்ததில் ஊசிக்குச் சமமாக நின்றது என்று 2023-ல் அறிவித்தார்கள். லாப நோக்கில்லாத அமைப்பு ஒன்று முன்னின்று நடத்திய ஆய்வு என்பது எனக்குப் பெரிய நம்பிக்கை.

#18 பெயர்_வேண்டாம்

அண்ணா, புதிதாகக் கணக்குத் தொடங்கி எழுதுகிறேன். வெளியூர் போய் வந்ததில் இருந்து எரிச்சல், சீழ். ஒரு கடையில் அசித்ரோ கொடுத்தார்கள், இரண்டு போட்டேன். கொஞ்சம் பரவாயில்லை. இந்த இழையைப் பார்த்துவிட்டுப் பயமாக இருக்கிறது. மீதி ஒன்றையும் போட்டு முடிக்கவா?

#19 ஸ்லைடு_அக்கா

நாளைக் காலையே கிளினிக்குக்குப் போங்கள் தம்பி, அந்த ஒரு மாத்திரையை அவர்களிடம் காட்டிவிட்டு அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். என்ன போட்டீர்கள், எத்தனை போட்டீர்கள் என்பதை மறைக்காதீர்கள், அதை வைத்துத்தான் மருந்து முடிவாகும். போவதற்கு முன் இரண்டு மணி நேரம் சிறுநீர் கழிக்க வேண்டாம், கழித்தால் தகட்டில் எடுக்க எதுவும் இருக்காது. எச்.ஐ.வி., சிபிலிஸ் ரத்தப் பரிசோதனையும் சேர்த்துக் கொடுங்கள். இன்று நெகட்டிவ் என்றாலும் மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

#20 பெயர்_வேண்டாம்

போய் வந்தேன். தோல் பிரிவு என்று சொன்னதும் சீட்டுக் கொடுத்துவிட்டார்கள், யாரும் எதுவும் கேட்கவில்லை. தகட்டில் கிருமி இன்னும் இருந்தது. செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி, ஏழு நாள் டாக்ஸி. மனைவியையும் கூட்டி வரச் சொன்னார்கள். அவளுக்கு ஒரு தொல்லையும் இல்லை. அவசியம்தானா? எப்படிச் சொல்வேன் என்றே தெரியவில்லை.

#21 மல்லிகைப்பந்தல்

தம்பி, என் பதிவைப் படித்திருப்பீர்கள். எனக்கு நடந்ததுபோல் அவளுக்கு நடக்க விடாதீர்கள். வேறு யாரோ சொல்லி அவள் தெரிந்துகொள்ளக் கூடாது, உங்கள் வாயால் சொல்லுங்கள். "ஏதோ இன்ஃபெக்‌ஷன், இந்த மாத்திரையைப் போட்டுக்கோ" என்று பொய் சொல்லிக் கொடுத்தால் அவள் பாதியில் நிறுத்திவிடுவாள், அல்லது கர்ப்பமாக இருப்பது தெரியாமல் டாக்ஸி சாப்பிட்டுவிடுவாள். கோபப்படுவாள், அழுவாள், அம்மா வீட்டுக்குக்கூடப் போவாள். அது அவள் உரிமை. தனியாகச் சொல்லத் தைரியம் இல்லை என்றால் ஆலோசகர் முன்னால் சொல்கிறேன் என்று கேளுங்கள், அதற்குத்தான் அவர்கள் இருக்கிறார்கள்.

#22 ஸ்லைடு_அக்கா

அவசியம்தான். கொனோரியா உள்ள பெண்களில் பலருக்குத் தொல்லையே இருக்காது, கருக்குழாய் கெட்ட பிறகுதான் தெரியவரும். அவளைப் பரிசோதித்துவிட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருந்து கொடுத்துவிடுவார்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்று முதலில் கேட்பார்கள், கேட்காவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். உங்கள் இருவரில் கடைசியாக மருந்து எடுத்தவருக்கு ஏழு நாள் முடிகிற வரை உறவு வேண்டாம், ஆணுறையோடும் வேண்டாம். அந்த ஏழு நாள் முடிந்தும் சீழ் நிற்கவில்லை என்றால் அதே மருந்தைத் திரும்ப வாங்கிப் போடாமல் அதே கிளினிக்குக்குப் போய், கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனை, எடுக்கச் சொல்லுங்கள். எல்லாம் சரியாகிவிட்டாலும் மூன்று மாதத்தில் இருவரும் ஒருமுறை பரிசோதனைக்குப் போய் வாருங்கள். வெளியூரில் யாரோடு இருந்தீர்களோ, அவர்களுக்குத் தகவல் சொல்ல வழி இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், தம்பி. அவர்களுக்கும் ஊசி வேண்டும்.